பழைய கணினியும் ஒரு மூக்கொலிக் குறியும்



தமிழும் தொழில்நுட்பமும் என்னும் பொருளில் பேச வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். புதிதாக வந்துள்ளவை பற்றி என்னினும் நன்றாக எடுத்துரைக்க வல்லவர்கள் இவ்வவையிலேயே பலர் இருக்கிறார்கள். ஆகவே பழையதொன்றைப் பற்றிப் பேச அவர்களிடம் இசைவு பெற்றுக்கொண்டேன். என் வீட்டில் 1995-ஆம் ஆண்டு வாங்கிய கணினி ஒன்று இருக்கிறது. இன்றும் இயங்குகிறது. அதை இயங்க வைப்பதில் நான் செலவிட்ட காலத்தை ஆய்வில் செலவிட்டிருந்தால் இன்னும் ஒரு நூல் எழுதியிருக்கலாம் என்று என் துணைவியார் சொல்வதுண்டு. அவர் சொல்வதில் தவறில்லை. ஆயினும் அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அக்காரணத்தை நானே முழுமையாக உணர்ந்தது 2019-இல், ஒரு மாணவி கேட்ட கேள்விக்குப் பிறகுதான்.

1991 முதல் 1993 வரை, முனைவர்ப் பட்ட ஆய்வுக்காகக் கெடாவிலும் பேராக்கிலும் உள்ள ரப்பர்த் தோட்டங்களில் பேச்சுத் தமிழைப் பதிவு செய்தேன். லயத்து வாசலில் அமர்ந்து, ஒலிநாடாப் பதிவுக் கருவியை நடுவில் வைத்து, முதியோரைப் பேசவிட்டுக் கேட்டதுதான் என் களப்பணி. அவர்களுள் கெடாவைச் சேர்ந்த ஒரு மூதாட்டி, ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் தம் குடும்பத்துக்கு நேர்ந்ததைச் சொன்னார். சயாம் மரண ரயில் பற்றி நீங்கள் அறிவீர்கள். தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத்துக்கு 1942, 1943 ஆகிய ஆண்டுகளில் ஜப்பானியப் படையினர் அமைத்த பாதை அது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் அங்கே கொண்டு செல்லப்பட்டனர். மிகப் பலர் திரும்பவில்லை. மூதாட்டி சொன்னது அவ்வாறு சென்ற தம் தம்பியைப் பற்றியும், அவனோடு சென்ற அவன் மனைவியைப் பற்றியும்.

தொடக்கக்கல்லூரி மாணவி ஒருவர் தம் கட்டுரைக்காக அந்தப் பனுவலை என்னிடம் பெற்றுப் படித்தார். ஒரு வாரம் கழித்து வந்து, "ஐயா, இந்தப் பாட்டியின் தங்கைகள் இரண்டு பேரும் ஆண் துணை இல்லாமல் தனியாகவா சயாமுக்குப் போனார்கள்?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. தங்கைகள் யாரும் அக்கதையில் இல்லையே என்றேன். அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். உண்மையிலேயே அதில் இரண்டு பெண்கள்தாம் இருந்தார்கள். தம்பியைக் காணோம்.

இது எப்படி நேர்ந்தது என்பதை விளக்க, முதலில் பேச்சுத் தமிழைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். எழுத்துத் தமிழில் 'வந்தான்' என்பதற்கும் 'வந்தாள்' என்பதற்கும் இறுதி மெய்யில் வேறுபாடு. பேச்சில் அந்த மெய் இரண்டிலும் மறைகிறது. ளகரம் சுவடின்றிப் போய்விடும்; 'வந்தா' என்பதே எஞ்சும். னகரமோ போகும்போது தன் மூக்கொலியை முன்னுள்ள உயிரின்மீது விட்டுச் செல்லும். அதை அலைக்கோடு இட்டு 'வந்தா~' என்று காட்டுவது எங்கள் துறை வழக்கம். 'அவ~' என்றால் அவன். 'அவ' என்றால் அவள். 'சின்னவ~' என்றால் சின்னவன். 'சின்னவ' என்றால் சின்னவள். ஆணையும் பெண்ணையும் பிரிப்பது ஒரு மூக்கொலி மட்டுமே. உயிரின் தன்மையும் இடத்துக்கு இடம் சற்று மாறுபடும் என்பது மெய். ஆனால் என் பெயர்ப்பில் நான் அதைத் தனியே குறிக்கவில்லை. முழுச் சுமையையும் அந்த ஒரு கோட்டின்மேல் ஏற்றிவிட்டேன். இன்று ஒரு மாணவர் அவ்வாறு செய்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மூதாட்டி சொன்னது, "சின்னவ~ போனா~, அந்தப் புள்ளயுங் கூடப் போனா" என்பது. மாணவி கையில் இருந்த தாளில் "சின்னவ போனா, அந்தப் புள்ளயுங் கூடப் போனா" என்றிருந்தது. அலைக்கோடுகள் அனைத்தும் போயிருந்தன. குடும்பமாகச் சென்றவர்களும் அக்காலத்தில் இருந்ததால், பெண்கள் சென்றார்கள் என்பது படிப்பவருக்கு ஐயம் தருவதாகவும் இல்லை. எழுத்துப்பிழை என்றால் கண்ணில் படும். இது பிழையற்ற தமிழில் எழுதப்பட்ட வேறொரு வரலாறு.

அலைக்கோடுகள் எங்கே போயின? இதற்கு விடை என் பழைய கணினிக்குள் இருந்தது. ஏன் அங்கே மட்டும் இருந்தது என்பதைப் புரிந்துகொள்ள, 1990-களில் தமிழ் கணினிக்குள் எப்படிக் குடியேறியது என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆசிரியர்களுள் மூத்தவர்களுக்கு இது நினைவிருக்கும்.

அன்றைய கணினி ஓர் எழுத்துக்கு ஒரு பைட் ஒதுக்கும். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை 256 எண்கள். அவற்றில் முதற்பாதி ஆங்கிலத்துக்கும் கட்டளைகளுக்கும் உரியது. எஞ்சிய 128 இடங்களில் 247 எழுத்துகளையும் கிரந்தத்தையும் குடியமர்த்த முடியாது. ஆகவே எழுத்தை உடைத்தார்கள். கொம்பு ஓரிடம், கால் ஓரிடம், உடைக்க முடியாத 'கு', 'டு' போன்றவற்றுக்குத் தனித்தனி இடம் என்று அமைத்தார்கள். எந்த இடத்தில் எதை வைப்பது என்பதை ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி முடிவு செய்தனர். 197 என்ற எண் ஒருவர் எழுத்துருவில் மகரமாகவும் இன்னொருவர் எழுத்துருவில் கொம்பாகவும் இருக்கலாம். கோப்பில் இருப்பவை எண்கள் மட்டுமே. அவை தமிழ் என்னும் செய்தியே கோப்பில் கிடையாது. அது எழுத்துருவில் இருந்தது. எழுத்துரு போனால், ஐரோப்பிய மொழிகளின் கொம்பும் வாலும் முளைத்த எழுத்துகளாகத் திரை நிறையும்.

நான் செய்தது அதனினும் மோசம். நிறுவனம் ஒன்றின் எழுத்துருவை வாங்கி, ஆய்வுக்குத் தேவையான ஒன்பது ஒலிக்குறிகளை அதன் காலி இடங்களில் நானே வரைந்து சேர்த்துக்கொண்டேன். அலைக்கோட்டுக்கு நான் தேர்ந்த இடம் 173. காலியாக இருந்தது, வைத்தேன். அது ஏன் காலியாக இருந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஐரோப்பிய மொழிகளுக்கான தரத்தில் 173 என்பது மென்னிணைப்புக் கோட்டுக்கு உரிய இடம். நீண்ட சொல்லை வரியிறுதியில் உடைக்கலாம் என்று காட்டும் குறிப்பு அது. வரி உடையாத இடத்தில் அதை மறைத்துவிட வேண்டும் என்பது மென்பொருள்களுக்குக் கற்பிக்கப்பட்ட பாடம். என் பழைய சொற்செயலி அந்தப் பாடம் கற்காதது. குறியை அப்படியே காட்டியது. பின்னர் வந்தவை கற்றவை. மறைத்தன, அல்லது நீக்கின.

2012-இல் என் பனுவல்களை ஒருங்குறிக்கு மாற்றித் தர ஓர் அமைப்பு முன்வந்தது. பழைய கணினியிலிருந்து வெறும் உரைக்கோப்புகளாக எடுத்துக் குறுந்தட்டில் பதிந்து கொடுத்தேன். எந்த நிறுவனத்தின் எழுத்துரு என்று சொன்னேன். நான் சேர்த்த ஒன்பது குறிகளைப் பற்றிச் சொல்லவில்லை. எழுத்துருக் கோப்பையும் கொடுக்கவில்லை. அவர்கள் கேட்கவும் இல்லை. திரும்பி வந்ததைத் திறந்து பார்த்தேன், அழகான தமிழ். முதல் இரண்டு பக்கங்களைப் படித்தேன். அவை முன்னுரைப் பக்கங்கள். அவற்றில் ஒலிக்குறிகள் இல்லை. சரியாக இருக்கிறது என்று கையொப்பமிட்டுக் கொடுத்தேன். குறுந்தட்டு அவர்களிடமே தங்கிற்று. பின்னர்க் கேட்டபோது கிடைக்கவில்லை. என் கையில் இருந்த இன்னொரு குறுந்தட்டை நம் ஊர் வெப்பமும் ஈரமும் கெடுத்துவிட்டன.

ஆக, மாணவி கேள்வி கேட்ட நாளில் அலைக்கோடுகளோடு கூடிய மூலம் இருந்த இடம் உலகில் ஒன்றே ஒன்று. அது என் வீட்டுப் பொருளறையில், ஏழாண்டு மின்சாரமே பாயாமல், துணி போர்த்தியபடி இருந்தது.

இனி அந்தப் பெட்டியின் கதை. வாங்கியபோது அதில் 16 மெகாபைட் நினைவகமும் 850 மெகாபைட் வன்தட்டும் இருந்தன. அந்நாளில் அது பெருஞ்செல்வம். 2006-இல் வன்தட்டு முனகத் தொடங்கியது. இறந்துபோகுமுன் எல்லாவற்றையும் நெகிழ்வட்டுகளில் இறக்கிக்கொண்டு, புதிய தட்டு வாங்கச் சென்றேன். கடையில் இருந்த மிகச் சிறிய தட்டு 40 ஜிகாபைட். அதைப் பொருத்தியதும் கணினி தொடக்கத் திரையிலேயே உறைந்து நின்றது. அக்காலத் தாய்ப்பலகைகளில் பலவற்றுக்கு 8.4 ஜிகாபைட்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. அதனைத் தாண்டினாலும், நான் வைத்திருந்த விண்டோஸ் 95-இன் முதற்பதிப்பு ஒரு பிரிவில் 2 ஜிகாபைட்டுக்கு மேல் ஆள முடியாதது. புதியது பெரிதாக இருந்ததே குற்றமாயிற்று.

சிம் லிம் டவரில் மின்னணுப் பொருள் விற்கும் முதியவர் ஒருவர் எனக்கு வழி சொன்னார். ஒளிப்படக் கருவிகளில் செருகும் காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டை, பழைய ஐடிஇ வன்தட்டு பேசும் அதே மொழியைப் பேசும். இடையில் வேண்டியது முனைகளை இணைத்துக் கொடுக்கும் ஒரு சிறு பலகை மட்டுமே. 1 ஜிகாபைட் அட்டை ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். தான் வன்தட்டோடு பேசுவதாகவே கணினி இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறது. முனகலும் இல்லை, சுழலும் உறுப்பும் இல்லை. நான் செய்த பழுதுகளுள் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017-இல் மூடப்படுமுன் அங்கே அடிக்கடி செல்வேன். மூன்று நெகிழ்வட்டு இயக்கிகளைப் பத்து வெள்ளிக்கு வாங்கிப் பெட்டியில் போட்டு வைத்தேன். இரண்டு வேலை செய்யவில்லை. மூன்றாவதுதான் பின்னாளில் என்னைக் காப்பாற்றியது.

2019-இல் துணியை அகற்றி மின்விசையை அழுத்தியபோது பல தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தாய்ப்பலகையில் நாணயம் போன்ற மின்கலம் ஒன்று இருக்கும். சிஆர் 2032 என்ற எண்ணுடையது, எந்தக் கடையிலும் கிடைப்பது. அது தீர்ந்தால் கணினி தேதியை மறக்கும், தன்னிடம் என்ன தட்டு இருக்கிறது என்பதையும் மறக்கும். தேதி 1980 ஜனவரி 1 என்று காட்டியது. இது சிரிக்கத்தக்க செய்தி அன்று. 2001-இலும் ஒருமுறை இந்த மின்கலம் தீர்ந்திருந்தது. நான் கவனிக்காமல் சில வாரங்கள் திருத்தங்கள் செய்திருக்கிறேன். அக்கோப்புகள் அனைத்தும் 1980-இல் பிறந்தவையாக நிற்கின்றன. இரண்டு வடிவங்களில் எது பிந்தியது என்று கோப்பின் தேதியைக் கொண்டு முடிவு செய்ய இயலவில்லை. சுவடிகளை ஒப்பிடுவது போல உள்ளடக்கத்தைக் கொண்டே முடிவு செய்தேன்.

பழைய திரையை முன்னரே எறிந்திருந்தோம். புதிய திரையில் பழைய இணைப்புத் துளை இல்லை; மாற்றி வாங்கினேன். விண்டோஸ் வந்த பிறகு படம் தெரிந்தது. அதற்கு முந்தைய அமைப்புத் திரையை அந்த மாற்றியால் காட்ட இயலவில்லை. தேதியும் தட்டும் பற்றிய அமைப்பைச் சரிசெய்ய வேண்டியது அந்தத் திரையில்தான். பக்கத்துத் தொகுதியில் ஒருவர் வீட்டில் பழைய திரை இருந்தது. இரவல் வாங்கி வந்து திருத்தினேன். விசைப்பலகைக்கும் இவ்வாறே ஓர் அலைச்சல், அதை விரிக்கவில்லை.

இவ்வளவு பாடு எதற்கு, பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருளைப் புதிய கணினியில் நிறுவினால் போதாதா என்று கணினி படிக்கும் மாணவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. அதையும் செய்து பார்த்தேன். மெய்நிகர் கணினியில் விண்டோஸ் 95 அழகாக எழுந்தது. என் சொற்செயலி மட்டும் திறக்க மறுத்தது. அக்காலத்தில் விலையுயர்ந்த மென்பொருள்களோடு ஒரு காப்புச் சாவி தருவார்கள். அச்சுப்பொறியை இணைக்கும் 25 ஊசித் துளையில் அதைச் செருகியிருந்தால்தான் மென்பொருள் திறக்கும். இன்றைய மடிக்கணினியில் அத்துளை இல்லை. யுஎஸ்பி வழியாக அச்சுப்பொறிக்கு இணைப்புத் தரும் கம்பிகள் உண்டு. அவை அச்சுப்பொறிக்குத்தான் பொருந்தும், இந்தச் சாவி கேட்கும் கேள்விகளுக்கு விடையளிக்க மாட்டா. அந்தச் சொற்செயலியோ தன் கோப்புகளைத் தனக்கே உரிய வடிவில் கட்டி வைத்திருந்தது. வேறெதுவும் அவற்றைச் சரியாகப் பிரிக்கவில்லை. சாவி இருந்த கணினி ஒன்றே வழி.

ஆகவே பழைய கணினியிலேயே ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, வெறும் உரையாகச் சேமித்து, நெகிழ்வட்டில் ஏற்றி, யுஎஸ்பி நெகிழ்வட்டு இயக்கி வழியாக மடிக்கணினிக்குக் கொண்டு வந்தேன். ஒரு வட்டில் 1.44 மெகாபைட், எழுத்துக்கு அதுவே தாராளம். இம்முறை எழுத்துருக் கோப்பையும் உடன் எடுத்துக்கொண்டேன்.

அதன்பின் பெரும் வேலை பொறியில் இல்லை, ஒரு தாளில் இருந்தது. எந்த எண்ணில் எந்த வடிவம் என்னும் அட்டவணையை எழுத வேண்டியிருந்தது. எழுத்துருவைத் திறந்து பார்த்து எழுதினேன். ஒன்பது குறிகளுக்கும் ஒரு மாலைப் பொழுது போதுமானதாக இருந்தது. 1996-இல் அந்த ஒரு மாலையை நான் செலவிட்டிருந்தால் இன்று உங்களுக்குச் சொல்ல எனக்கு இந்தக் கதையே இருந்திராது.

எண்ணுக்கு எண் மாற்றுவதோடு முடிந்துவிடுவதும் இல்லை. இதைத் தமிழாசிரியர்கள் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டும். உங்கள் பள்ளிகளிலும் இது நேரும். பழைய எழுத்துருவில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும். 'கெ' என்றால் முதலில் கொம்பு, பிறகு ககரம். ஒருங்குறியில் ஒலிக்கும் வரிசை. முதலில் ககரம், பிறகு எகரக் குறி. 'கொ' என்பதில் முன்னும் பின்னும் உள்ளவற்றைச் சேர்த்து ஒரே குறியாக்க வேண்டும். இதுவரை விதியால் செய்யலாம். 'கௌ' வரும்போது விதி திணறுகிறது. பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தின் சிறகுக்குத் தனியிடம் பெரும்பாலும் கிடையாது. ளகரத்தையே இட்டு எழுதினோம். ஆகவே கொம்பு, வகரம், ளகரம் என்று மூன்று எண்கள் அடுத்தடுத்து வந்தால், அது 'வௌவால்' என்பதன் முதலெழுத்தா, 'வெளவு' போல ஏதோ ஒன்றா, 'வெளி' என்பதன் தொடக்கமா என்று பொறிக்குத் தெரியாது. பிறிதோரிடத்தில் ஒரு மாற்றி, 'வெளி' என்ற சொல்லை எல்லாம் வகரத்தின்மேல் ஔகாரமும் இகரமும் ஒருசேர ஏறிய ஓர் உருவமாக ஆக்கியதைக் கண்டிருக்கிறேன். மறுபக்கம், இணையத்தில் இன்றும் 'கெளரவம்' என்று ளகரமிட்ட வடிவம் ஏராளமாகக் கிடக்கிறது. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, தேடினால் கிடைக்காது. சொல்லை அறிந்தவர் ஒருவர் உட்கார்ந்து பார்த்தே தீர வேண்டிய வேலை இது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நம் ஊர் ஆற்றிய பங்கை இங்கே சொல்லாமல் போவது நன்றியன்று. 1997-இல் நா. கோவிந்தசாமி அவர்கள் முன்னின்று சிங்கப்பூரில் தமிழ்நெட் 97 என்னும் கருத்தரங்கை நடத்தினார். ஒருவர் அனுப்பும் மின்னஞ்சலை மற்றவர் படிக்க முடியாத நாள்கள் அவை. மலேசியாவின் முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரம் போன்றோர் பல நாட்டு எழுத்துருக்களையும் ஒரு தரத்தின்கீழ்க் கொண்டுவர உழைத்தனர். 1999-இல் சென்னை மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாட்டு அரசு தாப், தாம் ஆகிய இரு தரங்களை அறிவித்தது. 2000-இல் உத்தமம் அமைப்பு இங்கே சிங்கப்பூரில் தோன்றியது. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1991-இலேயே, ஒருங்குறியின் முதற்பதிப்பில் தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. பொதுமக்கள் கணினியில் அதைக் காண விண்டோஸ் 2000 வர வேண்டியிருந்தது.

ஒருங்குறியில் உயிர்மெய்களுக்குத் தனியிடம் தரவில்லையே என்று குறைபட்டவர்களுள் நானும் ஒருவன். மெய்யெழுத்தைப் புள்ளியிட்ட இரண்டு குறிகளாகச் சேமிப்பது இலக்கண மரபுக்குப் பொருந்தாது என்று கட்டுரையும் எழுதினேன். அந்தக் கருத்தில் இன்றும் எனக்கு மாற்றமில்லை. ஆனால் என் தம்பியர்களைப் பெண்களாக்கிய குற்றத்தை அது ஒருபோதும் செய்திராது. ஒருங்குறியில் மேலெழும் அலைக்கோட்டுக்கு 0303 என்று தனி எண் உண்டு, பெயர் உண்டு. அதை மென்னிணைப்புக் கோடு என்று எந்த மென்பொருளும் நினைக்காது. இலக்கணத்துக்குப் பொருந்தாத ஒரு பொது ஒழுங்கு, பொருந்திய தனி ஒழுங்கைவிட மேல் என்பதை ஒப்புக்கொள்ள ஒரு மொழியியலாளனுக்கு இருபது ஆண்டுகள் ஆயின.

ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் பள்ளியின் அலமாரிகளில் 1990-களின் ஆண்டு மலர்களும் நாடகப் பிரதிகளும் வினாத்தாள்களும் குறுந்தட்டுகளிலோ நெகிழ்வட்டுகளிலோ இருக்கக்கூடும். அவற்றை மாற்றக் கொடுக்குமுன் எழுத்துருக் கோப்பைத் தேடி எடுத்து உடன் வையுங்கள். கோப்பு திறக்கும் பழைய கணினி எங்கேனும் இருந்தால், ஒரு பக்கமாவது அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியதை ஒப்பிட அதுவே சான்று. மாற்றி வந்ததில் முன்னுரையைப் படிக்காதீர்கள், நான் செய்தது போல. வெளி, வெள்ளம், வௌவால், கொக்கு, ஸ்ரீ போன்ற சொற்கள் வரும் இடங்களைத் தேடிப் படியுங்கள். பழைய பெட்டியை உடனே எறிந்துவிடாதீர்கள். ஒப்பிட்டு முடிந்த பிறகு எறியலாம். அதன் மேல் எனக்கொன்றும் பற்றில்லை.

இப்போது என் மூதாட்டியின் கதைக்குத் திரும்புகிறேன். பனுவலைப் புதிதாக மாற்றினேன். தம்பி தம்பியானான், அவன் மனைவி மனைவியாக நின்றாள். மாணவிக்கு அனுப்பினேன், அவர் தம் கட்டுரையின் இரண்டு பத்திகளை நீக்கி எழுதினார். ஆனால் கடைசிப் பக்கத்தில் அலைக்கோடே இல்லை. பழைய கணினியிலும் இல்லை. நெடுநேரம் குழம்பிய பிறகு நினைவுக்கு வந்தது. 1998-இல் ஒரு கருத்தரங்குக்காக அப்பக்கத்தை அலுவலகக் கணினிக்கு எடுத்துச் சென்று, அங்கே புதிய மென்பொருளில் இரண்டு அடிக்குறிப்புகளைச் சேர்த்து, திரும்பக் கொண்டு வந்து, பழையதன்மேலேயே சேமித்திருக்கிறேன். குறிகள் அன்றே போய்விட்டன. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் கதையின் முற்பகுதி மட்டுமே அச்சாகியிருக்கிறது. ஒலிநாடாவைத் தேடினேன். முதற்பக்கம் ஓடுகிறது, இரண்டாம் பக்கம் முழுதும் பூஞ்சை.

அப்பக்கத்தில் இருப்பது இது: "ரெண்டு வருசங் கழிச்சு ஒரு நா விடியக் காலயில திரும்பி வந்தா. வாசல்ல நின்னா. அம்மா கூப்புட்டும் உள்ள வரல."

வாக்கியத்தில் எழுவாய் இல்லை. தமிழில் அது தேவையும் இல்லை. வினைமுற்றின் விகுதி சொல்லிவிடும். 'வரல' என்பது இருபாலுக்கும் பொது. திரும்பி வந்தவர் தம்பியா, அவன் மனைவியா என்பது 'வந்தா', 'நின்னா' ஆகியவற்றின்மேல் ஒரு கோடு இருந்ததா இல்லையா என்பதில் நிற்கிறது. அந்தப் பக்கத்தில் அப்படி ஏழு இடங்கள்.

உங்களுக்கு நினைவில்லையா என்று மாணவி கேட்டார். நியாயமான கேள்வி. அந்த முற்றத்தில் நான் அமர்ந்திருந்தேன். அவர் சொல்வதை நேரில் கேட்டேன். ஆனால் அன்று நான் உயிரொலிகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எந்த உயிர் மூக்கொலி பெறுகிறது, எது பெறவில்லை என்று குறித்துக்கொண்டிருந்தேன். வந்தது யார் என்று கவனிக்கவில்லை. மூதாட்டி 1990-களின் இறுதியிலேயே காலமாகிவிட்டார். தோட்டம் துண்டாடப்பட்டு லயத்துக் குடும்பங்கள் பல திசைகளுக்குப் போய்விட்டன.

புதிய பதிப்பில் அந்த ஏழு இடங்களிலும் வினாக்குறி இட்டிருக்கிறேன். தோட்டத்தில் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் யாரேனும் சுங்கைப்பட்டாணிப் பக்கம் இருக்கக்கூடும் என்று ஒருவர் சொன்னார். அடுத்த மாதம் போகலாம் என்றிருக்கிறேன்.